எல்லாம் விதினா, அண்ணே…



நான் சமயச் சொற்பொழிவாளன் இல்லை. பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். சாலாக் செலாத்தானில் ஓர் ஆலய மண்டபத்தில் ஞாயிறு காலை நடக்கும் சமய வகுப்பில் உதவி செய்கிறேன். பிள்ளைகள் கேள்வி கேட்டால் புத்தகத்தைப் புரட்டிப் பதில் சொல்வேன். என் தகுதி அவ்வளவுதான்.

சில வாரங்களுக்கு முன் வினைக்கொள்கை பாடம். வகுப்பு முடிந்து மற்றவர்கள் பசியாறப் போய்விட்டார்கள். ஒரு மாணவன் மட்டும் நின்றான். (அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் எதுவும் சொல்ல மாட்டேன்.)

"அண்ணே, எல்லாம் விதினா, எங்கப்பா குடிச்சிட்டு வந்து அம்மாவ அடிக்கிறதும் விதிதானா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முன்வினை தம்பி. சாமிய கும்பிடு, சரியாயிடும்." அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். எல்.ஆர்.டி.யில் வீடு திரும்பும்போது அந்தத் தலையாட்டல் என்னை விடவே இல்லை. பரீட்சையில் தெரியாத கேள்விக்கு எதையாவது எழுதி வைப்போமே, அதே வேலையைத்தான் அவனிடம் செய்திருக்கிறேன்.

அந்த வாரம் உட்கார்ந்து படித்தேன். முதலில் தேடியது ரமண மகரிஷியை. விதியைப் பற்றிப் பேசும் எல்லாரும் கடைசியில் அவரிடம்தான் போகிறார்கள். 1896-இல், பதினாறு வயதில், மதுரை வீட்டைவிட்டு மூன்று ரூபாயோடு திருவண்ணாமலைக்குப் போனவர். 1898-இல் தாயார் அழகம்மாள் தேடி வந்து, "வீட்டுக்கு வாப்பா" என்று நாள்கணக்கில் அழுதார். மௌனத்தில் இருந்த மகன் ஒரு தாளில் பதில் எழுதிக் கொடுத்தார். அவரவர் பிராரத்தப்படி இறைவன் ஆட்டுவிக்கிறான், நடக்காதது என்ன முயன்றாலும் நடக்காது, நடப்பது தடுத்தாலும் நிற்காது, அதனால் சும்மா இருப்பதே நல்லது என்பது அதன் சாரம்.

நம்மவர்கள் இதோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஆனால், 1914-இல் அதே தாயார் கடும் காய்ச்சலில் விழுந்தபோது அவர் "விதி" என்று சொல்லி ஒதுங்கவில்லை. பக்கத்திலேயே இருந்து கவனித்தார். அம்மா பிழைக்க வேண்டும் என்று அருணாசலனிடம் வேண்டிப் பாடல்கள் எழுதினார். அம்மா பிழைத்தார். 1922-இல் அவர் உயிர் பிரியும்வரை மகனின் கை அவர் மேல் இருந்தது. விதி மாறாது என்று எழுதிய அதே கைதான்.

எனக்கு இங்கேதான் உறைத்தது. "விதி" என்ற சொல்லை எனக்கு வந்ததைத் தாங்கிக்கொள்ள நான் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவன் அடிபடும்போது அதைச் சொன்னால், அது ஆன்மிகம் இல்லை, சோம்பேறித்தனம். வள்ளுவரும் 38-ஆம் அதிகாரத்தில் ஊழின் வலிமையைச் சொன்னவர்தான். 62-ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையையும் வைத்தார்.

சைவ சித்தாந்தம் இதை இன்னும் தெளிவாகப் பிரிக்கிறது. முன்பு சேர்த்து வைத்தது சஞ்சிதம். அதில் இப்போது அனுபவிக்க வந்தது பிராரத்தம். அனுபவிக்கும்போதே நாம் புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். வெண்பலகையில் நானே எழுதிய மூன்று சொற்கள்தான்! ஓங்கிய கை ஆகாமியம். அதை அந்தத் தகப்பன் இன்றைக்குச் செய்கிறார், கணக்கு அவருடையது. பழைய வினை மட்டுமே உண்டு, புதிய வினையே கிடையாது என்றால் மூன்றாவது சொல் எதற்கு?

சரி, கை ஓங்குவது யார்? மனமா, நானா? மனம், புத்தி, சித்தம், அகங்காரம் நான்கும் அந்தக்கரணங்கள். மாயையில் பிறந்த கருவிகள், சடம். உயிர் அவற்றைக் கொண்டு அறிகிறது. எங்கள் துறையில் சொன்னால் சென்சார் வேறு, அதை வைத்து வேலை செய்பவன் வேறு. கோபம் எழுவது கருவியில். "நான் கோபம்" என்று நினைப்பதில்தான் வம்பு.

1983-இல் அமெரிக்காவில் பெஞ்சமின் லிபெட் ஒரு சோதனையை வெளியிட்டார். விரும்பியபோது மணிக்கட்டை அசைக்கச் சொன்னார். அசைவுக்கு ஏறக்குறைய அரை விநாடி முன்பே மூளையில் மின்மாற்றம் தொடங்கிவிட்டது. "அசைக்கப் போகிறேன்" என்று ஆள் உணர்ந்ததோ சுமார் 0.2 விநாடிக்கு முன்புதான். அப்படியானால் சுதந்திரமே இல்லை என்று பலர் குதித்தார்கள். லிபெட் அப்படிச் சொல்லவில்லை. தூண்டுதல் நம்மைக் கேட்காமல் எழலாம், ஆனால் அந்தச் சின்ன இடைவெளியில் "வேண்டாம்" என்று நிறுத்த முடியும் என்றார். அவர் சோதனையை எப்படிப் பொருள்கொள்வது என்று இன்றும் சண்டை நடக்கிறது. நான் அதை ஆதாரமாகக் காட்டவில்லை; எனக்குப் புரிந்துகொள்ள உதவியது, அவ்வளவே.

அடுத்த ஞாயிறு அவனைத் தேடிப் போய், "போன வாரம் நான் சொன்னது தப்பு தம்பி" என்றேன். மேலே எழுதியதை எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப எங்கப்பாவுக்கும் அந்த இடைவெளி இருக்கா அண்ணே?" என்றான்.

"இருக்கு. குடி மொதல்ல அதத்தான் தின்னுது."

கொஞ்ச நேரம் கழித்து, "நானும் அப்படி ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு" என்றான். அவன் உண்மையில் கேட்க வந்தது இதைத்தான் போலிருக்கிறது. அப்பாவின் கோபம் தனக்கும் வருகிறதாம், தங்கச்சி மேல் ஒருமுறை கை ஓங்கிவிட்டானாம்.

"அடிச்சியா?"

"இல்ல. கைய எறக்கிட்டேன்."

"அப்ப எறக்குனது யாரு?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை.

பிறகு வகுப்பின் மூத்த ஆசிரியை அவன் அம்மாவோடு பேசினார். தாலியான் காசே 15999 எண்ணையும் கொடுத்தார். இருபத்து நான்கு மணி நேரமும் எடுக்கிறார்கள். அந்த அம்மா இன்னும் அழைக்கவில்லை. ஆனால் எண்ணைக் கைப்பேசியில் வேறொரு பெயரில் பதிந்து வைத்திருக்கிறாராம்.