டோரத்தி கேரிக்கு யார் சொன்னது?

வில்லியம் கேரியின் பெயர் வராத மிஷனரிக் கூட்டம் நம் பக்கத்தில் அபூர்வம். செருப்புத் தைத்துப் பிழைத்தவர், 1793 நவம்பரில் கொல்கத்தாவில் வந்து இறங்கியவர், அதன் பிறகு ஒருமுறைகூட இங்கிலாந்துக்குத் திரும்பாமல் 1834இல் செராம்பூரிலேயே கண்மூடியவர். அழைப்புக்கு உண்மையாயிருப்பது எப்படி என்று வாலிபர்களுக்குச் சொல்ல நானும் அவரைத்தான் எடுத்துக்காட்டுவேன். கொல்கத்தாவில் குடியிருக்கும் எனக்கு செராம்பூர், ஹவுராவில் லோக்கல் ரயில் ஏறிப் போய்வரும் தூரம்தான். ஊரிலிருந்து வரும் விசுவாசிகளைக் கல்லூரிக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் கூட்டிப் போவது வழக்கமாகிவிட்டது. அப்படிப் போய்வரப் போய்வர, கேரியைவிட அவர் மனைவி டோரத்தியின் நினைவுதான் எனக்கு அதிகம் வருகிறது.

1781இல் அவர்கள் திருமணம் நடந்தது. டோரத்திக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாகச் சிலுவைக் குறி போட்டார். வங்காளத்துக்குப் போகிறேன் என்று கணவர் சொன்னபோது, வர முடியாது என்றார். அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. மூத்த மகன் பீலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு கேரி கிளம்பினார். முதலில் ஏறிய கப்பலில் போக முடியாமல் தடை வந்தது. திரும்பி வந்து மறுபடி கேட்டார்கள். கேரியோடு வரவிருந்த டாக்டர் ஜான் தாமஸ், இப்போது வராவிட்டால் ஆயுசுக்கும் வருந்த நேரிடும் என்று அழுத்திச் சொன்னார். தங்கை கிட்டியும் கூட வருவதென்றால் சரி என்று டோரத்தி ஒப்புக்கொண்டார். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையோடு ஐந்து மாதக் கப்பல் பயணம்.

வந்து சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே கைப்பணம் கரைந்தது. சுந்தரவனக் காட்டோரம் சில மாதங்கள், பிறகு மால்டா பக்கம் முத்னாபட்டியில் அவுரிச் சாயத் தொழிற்சாலை வேலை. அங்கே 1794இல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்துபோனான். பிள்ளைக்குக் குழி தோண்டவே எளிதில் ஆள் கிடைக்கவில்லை. அதற்குப் பின் டோரத்தியின் மனம் உடைந்தது. 1807 டிசம்பரில் சாகும்வரை அவர் தேறவில்லை.

1800 டிசம்பர் 28 அன்று செராம்பூரில் ஹூக்ளி ஆற்றில் கிருஷ்ண பால் என்ற தச்சருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் கேரி. ஏழு வருடப் பாடுகளுக்குப் பின் வந்த முதல் கனி. அந்தச் சந்தோஷத்தை நாம் பிரசங்கத்தில் சொல்கிறோம். அன்று ஆற்றுக்குப் போகும் வழியில் ஒரு பக்கத்து அறையில் சித்தம் கலங்கிய தாமஸ் கத்திக்கொண்டிருந்ததையும், இன்னொரு பக்கத்து அறையில் அடைபட்டிருந்த டோரத்தி அலறிக்கொண்டிருந்ததையும் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

தமிழர்களாகிய நமக்குக் கேரியிடம் கடன் உண்டு. டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடியில் நமக்கு முதலில் அச்சான வேதம், பின்னாளில் டேனிஷ்காரர்களின் இன்னொரு ஊரான செராம்பூரில் கேரி குழுவினரின் அச்சகத்திலும் அச்சானது. 1812 மார்ச் 11 மாலை அந்த அச்சகத்தில் தீப்பிடித்தது. வருடக்கணக்கில் எழுதிய கையெழுத்துப் படிகள், காகிதம், பல மொழிகளின் அச்செழுத்துகள், அவற்றோடு தமிழ் எழுத்துகளும் போயின. எழுத்து வார்க்கும் அச்சுகள் மட்டும் இடிபாட்டுக்குள் தப்பியிருந்தன. உருகிய ஈயத்தைத் திரட்டி எழுத்துகளை மறுபடி வார்த்தார்கள். மறு வருடமே தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. எரிந்த மொழிபெயர்ப்புகளைக் கேரி உட்கார்ந்து மீண்டும் எழுதினார். இந்தப் பொறுமையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மனம் நெகிழும். ஆனால் பீட்டருக்கும் டோரத்தியின் தெளிந்த மனதுக்கும் அப்படி ஒரு மறுவார்ப்பு கிடைக்கவில்லை.

கேரி கல்நெஞ்சக்காரர் அல்லர். சுகமில்லாத மனைவியைக் கைவிடாமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். டோரத்தியின் வசவையும் கோபத்தையும் வருடக்கணக்கில் தாங்கிக்கொண்டு, அதே வீட்டில் வேதத்தை மொழிபெயர்த்தார். அவர் உத்தமத்தின் பெரிய பகுதி அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன். அவரது பிள்ளைகளைக் கவனித்துக்கொண்ட உடன் ஊழியர் ஹன்னா மார்ஷ்மனின் உழைப்பும் அந்த ஊழியத்தில் சேர்த்திதான். என்றாலும், வரமாட்டேன் என்று ஒரு தாய் சொன்ன சொல்லை விசுவாசக் குறைவாக எடுத்துக்கொண்டது தவறு. ஒருவருக்கு வந்த அழைப்பின் விலையை, அதைக் கேட்காத இன்னொருவர் செலுத்தினார்.

இது பழங்கதை என்று விட்டுவிட முடியவில்லை. நெல்லைச் சீமையிலிருந்து வடக்கே மலைக் கிராமங்களுக்குப் போன ஊழியக் குடும்பங்களை எனக்குத் தெரியும். அப்படிப் போன ஓர் அக்கா, ஊருக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, பிள்ளைகளின் சட்டையை மடித்து வைத்துக்கொண்டே சொன்னார்: “அவங்களுக்கு ஆண்டவர் சொன்னாரு, தம்பி. எனக்கு அவங்கதான் சொன்னாங்க.” குறைப்பட்டுச் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, “பிள்ளைங்கள ஹாஸ்டல்ல விட்ட அன்னைக்குத்தான் நானே நேரா அவர்கிட்ட கேட்டேன்” என்றார். என்ன பதில் வந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆபிரகாமின் கூடாரத்துக்கு வந்த விருந்தாளிகள், சாப்பாடு ஆனதும் சாராள் எங்கே என்று பெயர் சொல்லி விசாரித்ததாக ஆதியாகமம் சொல்கிறது. வாக்குத்தத்தம் அவள் காதிலும் விழுந்தது. அவள் உள்ளுக்குள் சிரித்தாள். ஆண்டவர் அதற்காக அவளைத் தள்ளிவிடவில்லை. நம் சபைகளோ, ஊழியத்துக்குப் புறப்படுகிறவரைத்தான் மேடையில் நிறுத்திச் சாட்சி சொல்ல வைக்கின்றன. கைக்குழந்தையோடு கடைசி பெஞ்சில் இருப்பவள் எழுந்து நின்றால் போதும்.

முழுநேர ஊழியத்துக்கு வருகிறேன் என்று இப்போது ஒரு தம்பி என்னிடம் ஜெபிக்கக் கேட்டால், அவரோடு ஜெபித்துவிட்டு, என் மனைவியை அவர் மனைவியிடம் தனியாகப் பேசச் சொல்கிறேன். கணவரோ போதகரோ பக்கத்தில் இருக்கக் கூடாது. வரவில்லை என்று சொன்னாலும் ஆண்டவர் முன் நீ குற்றவாளி அல்ல என்பதை அந்தப் பெண்ணுக்கு முதலில் சொல்லிவிடுகிறோம். அப்படி ஒரு வீட்டில் அவள் இன்னும் இரண்டு வருடம் போகட்டும் என்றாள். அவர்கள் காத்திருக்கிறார்கள்.