எகிப்தின் வெள்ளைப்பூண்டு



லெந்து என்பது சாம்பல் புதனிலிருந்து, ஞாயிறுகளைக் கழித்து 40 நாள். அதை ஆசரிக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குடியை நிறுத்தின சகோதரன், ஈஸ்டருக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்க்கிறானே, அது விடுதலையா?

எண்ணாகமம் 11-ஐ வாசியுங்கள். சமுத்திரத்தைக் கடந்து வந்த ஜனம் மீன், வெள்ளரிக்காய், வெங்காயம், வெள்ளைப்பூண்டு என்று வரிசையாய்ச் சொல்லி அழுதது. செங்கல் அறுத்ததை ஒருத்தரும் சொல்லக் காணோம்! கால் எகிப்தை விட்டுச்சு, நாக்கு விடல.

இயேசுவின் இரத்தம் அந்த இச்சையையே அறுக்கும், 40 நாளுக்கு மட்டும் அல்ல. வீட்டில் ஒளித்து வைத்த பாட்டில் இருந்தால், இன்று ராத்திரியே முழங்கால்படியிட்டு அவரிடம் சொல்லுங்கள். எழுந்துபோய் அதைக் கொட்டிவிடுங்கள். தனியா முடியலேன்னா உபவாச ஜெபத்துக்கு வாங்க, சேர்ந்து ஜெபிப்போம்.