பழியா, நீதியா?



பிரெஞ்சுப் புரட்சியைப் பின்னணியாகக் கொண்டு ரஃபாயேல் சபாட்டினி 1921இல் வெளியிட்ட நவீனம் ‘ஸ்கரமூஷ்’. வாட்போரும் காதலும் மலிந்த பொழுதுபோக்கு நூலென்று பலர் வாசித்து மூடிவைப்பர். ஆனால் அது எழுப்பும் கேள்வி இலேசானதன்று.

கதை 1788இல் பிரான்சின் பிரிட்டனி மாகாணத்தில் தொடங்குகிறது. கண்ணியில் சிக்கிய வேட்டைப் பறவையொன்றை எடுத்ததற்காக மாபே என்ற ஏழைக் குடியானவன், மார்க்கி பட்டமுடைய பிரபு ஒருவரின் காவலாளால் சுட்டுக் கொல்லப்படுகிறான். அதற்கு நியாயம் கேட்கிறான் பிலிப் என்னும் குருமாணவன். அவனுடைய நாவன்மை தம் வகுப்பாருக்கு ஆபத்தென்று கண்ட பிரபு, அவனைச் சீண்டித் துவந்த யுத்தத்துக்கு இழுத்துக் கொன்றுவிடுகிறார். அதிகாரிகளோ நடவடிக்கை எடுக்க மறுக்கின்றனர்.

பிலிப்பின் நண்பனான இளம் வழக்கறிஞன் அந்திரே லூயி, பழிவாங்கச் சபதமெடுக்கிறான். தான் நம்பாத புரட்சிக் கருத்துகளை மக்கள் முன் முழங்குகிறான். பின்னர் நாடகக் குழுவில் ஸ்கரமூஷ் என்னும் கோமாளியாக வேடமிடுகிறான். வாள்வித்தை பயின்று ஆசானுமாகிறான். 1792 ஓகஸ்டில், பாரிஸ் கொந்தளிக்கும் வேளையில், பகைவர் இருவரும் ஒரு வீட்டில் எதிரெதிரே நிற்கின்றனர். அப்போதுதான் உண்மை வெளிப்படுகிறது: அந்தப் பிரபுவே அவனைப் பெற்ற தந்தை! பிரபு உயிரோடு வெளியேறுகிறார்.

தந்தையென்று தெரிந்ததால் அவருடைய குற்றம் குறைந்துவிட்டதா? இல்லை. பிலிப்பின் இரத்தம் இரத்தமே. ஆயினும், நான்கு ஆண்டுகளாகத் தான் வெறுத்த மனிதர் யாரென்பதே அந்திரேக்குத் தெரிந்திருக்கவில்லை. பழியுணர்ச்சியின் இயல்பு இதுவே. அது பகைவரின் ஒரு செயலை மட்டும் பார்த்து, அவரை முழுதும் அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பிலிப் கேட்டது மாபேக்கு நீதி. அந்திரே தேடியதோ பிரபுவின் உயிர். அந்த உயிர் போயிருந்தாலும் மாபேயின் வீட்டில் அடுப்பு எரிந்திருக்குமா?

இதனால் அநீதியைக் கண்டும் வாய்மூடி இருக்கலாமென்று எவரும் கொள்ளவேண்டாம். பிலிப் வாய் மூடவில்லை, அதற்காகவே உயிரிழந்தான். அவன் உயர்த்திய குரலில் பகை இருக்கவில்லை. பகையின்றி நீதி கேட்பதே மிகக் கடினம்.

உங்கள் பிள்ளைகள் இந்நூலை வாசித்தால், வாட்போரில் யார் வென்றாரென்று மட்டும் கேளாதீர்கள். மாபேக்கு நீதி கிடைத்ததா என்றும் கேளுங்கள்.