கேட்டது எப்போது கல்வியாகும்?

கல்வி என்பது ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறக்கூடிய பொருளா? பொன்னையும் நெல்லையும் அவ்வாறு கொடுக்கலாம்; பெறுகின்றவன் கை நீட்டினாற் போதும். அறிவும் இத்தகையதே என்று கருதுவோர் இக்காலத்தில் பெருகியுள்ளனர். கைப்பேசியைத் திறந்தால் வானநூல் முதல் வைத்தியம் வரை எதற்கும் விரிவுரை உண்டு. ஓர் இளைஞன் ஒரே இரவில் ஐந்து விரிவுரைகளைக் கேட்டுவிட்டுக் ‘கற்றேன்’ என்கிறான். மறுநாள் அவற்றுள் ஒன்றை விளக்குக என்றால், ‘நன்றாய்ப் பேசினார்’ என்பதற்கு மேல் அவனுக்குச் சொல் எழவில்லை. அவனைச் சோம்பேறி என்று நாம் சொல்லோம். கற்றல் யாதென்று அவனுக்கு எவரும் காட்டவில்லை.

தீக நிகாயத்துச் சங்கீதி சுத்தம் மூவகை ஞானத்தைக் குறிப்பிடுகின்றது. கேள்வியால் வருவது ஒன்று. சிந்தனையால் வருவது ஒன்று. பயிற்சியால் வருவது ஒன்று. கேள்வி இழிவானதன்று. ஏட்டில் எழுதப்படுமுன் பல தலைமுறைகள் தம்மம் செவிவழியே காக்கப்பட்டதன்றோ? ஆயினும் கேள்வியோடு நின்றவனுடைய கல்வியும் அவ்விடத்திலேயே நின்றுவிடும் என்பதே இப்பகுப்பின் உட்கருத்தென நாம் கொள்கிறோம்.

இதற்கு நம் நூல்களுக்குப் புறத்தே ஒரு சான்று காட்டுவோம். 1791இல் இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகனாய்ப் பிறந்தவர் மைக்கேல் பாரடே. எழுத்தும் கணக்கும் சிறிது பயின்றதோடு அவருடைய பள்ளிப் படிப்பு முடிந்தது. பதினான்காம் வயதில் இலண்டனில் ஒரு புத்தக வணிகரிடம் நூற்கட்டுத் தொழில் பழகச் சேர்ந்தார். பிறருக்காகக் கட்ட வந்த நூல்களைத் தாமும் படித்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையையும், ஜேன் மார்செட் என்னும் அம்மையார் வேதியியலை உரையாடல் வடிவில் எழுதிய நூலையும் அவர் இவ்வாறே கண்டார். படித்ததோடு விட்டிருந்தால் இன்று அவர் பெயரை யார் அறிவார்? வாரந்தோறும் சில காசுகள் செலவிட்டு, அந்நூல் கூறியவற்றுள் தம் வசதிக்கு இயன்றவற்றைச் செய்து பார்த்தார். சோதனையில் அம்மையாரின் கூற்று மெய்யென நின்றது. அதன் பின்னரே அந்நூலில் அவருக்கு உறுதி பிறந்தது. இஃது ஆசிரியரை ஐயுற்று அவமதித்தலாகாதோ என்று சிலர் கேட்கலாம். அறிவியலறிஞராய்ப் புகழ்பெற்ற பின் அவர் தம் ஆய்வுரைகளை அந்த அம்மையாருக்கே நன்றிக் காணிக்கையாய் அனுப்பி வந்தார் என்பதே அதற்கு விடை.

1812இல் ஹம்பிரி டேவி நிகழ்த்திய விரிவுரைகளுள் நான்கைக் கேட்க அவருக்குச் சீட்டுக் கிடைத்தது. கடைக்கு வந்துபோன ஒருவர் கொடுத்தார். கேட்டவற்றைக் குறித்துக்கொண்டு, பின்னர் விரித்தெழுதி, படங்கள் வரைந்து, தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் இராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளரானார். நான்கே விரிவுரைகள்! நம் இளைஞன் ஓரிரவில் கேட்டவை ஐந்து. அங்குச் சேர்ந்த பின்னும் பாரடே தம்மை ஒத்த நண்பர் சிலருடன் கூடிப் படித்தார். ஒருவர் உச்சரிப்பிலும் சொல்லமைப்பிலும் உள்ள குற்றத்தை மற்றவர் தயவின்றி எடுத்துக்காட்டுவது அக்கூட்டத்தின் வழக்கம். 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டவர் இவ்வாறு தம்மை ஆக்கிக்கொண்டவரே.

இதனால் கைப்பேசியைப் பழிப்பதற்கு நாம் உடன்படோம். அது நூலகமும் ஆசிரியரும் வீட்டிலேயே வாய்த்தவர் பேசும் பேச்சு. ஏட்டைத் தொடவும் தடையிருந்த நாட்டில், அந்தச் சீட்டுக்காக எவர் தயவையும் நாடவேண்டாத நிலை வந்திருப்பது சிறிய பேறன்று. ஆனால் 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைப்பேசிக்கு வந்தபோது நாம் கண்டதென்ன? கருவியில்லாத பிள்ளை பாடத்தையே இழந்தது. கருவியிருந்தும், ‘இது விளங்கவில்லை’ என்று சொல்ல அருகில் ஆளில்லாத பிள்ளையும் பின்தங்கியது. விரிவுரை தன்னைக் கேட்பவன் முகத்தைப் பார்ப்பதில்லை.

மற்றொன்றும் உண்டு, நமக்கு இதுவே பெரிதாகத் தோன்றுகிறது. அதே ஆண்டில் அந்நோய்க்கு மருந்தென்று எத்தனையோ பொய்கள் கைப்பேசி வழியே பரவின. அனுப்பியவரைக் கேட்டால், ‘நான் பொய் சொல்லவில்லை, வந்ததை அனுப்பினேன்’ என்பார். பொய்யுரை தவிர்ப்பதாகச் சீலம் ஏற்றவர்க்கு இவ்விடை போதுமா? போதாது என்பது நம் துணிவு. தான் சோதியாததைச் சோதித்தவன் போல் பிறர் கையில் வைப்பவன், அதன் விளைவில் பங்குடையவனே. மருந்துக்கு மட்டுமன்று, தம்மத்தின் பெயரால் உலவும் செய்திகளுக்கும் இது பொருந்தும்.

தம்மபத உரையில் போத்திலர் என்னும் தேரரின் கதை வருகிறது. பதினெட்டுப் பிக்குக் குழுக்களுக்குப் பாடம் சொன்ன அவரைப் பகவன் ‘வெறுமையான போத்திலர்’ என்றே அழைத்தார். நாணமுற்ற அவர் தொலைவிலிருந்த ஒரு விகாரத்துக்குச் சென்று வழிகேட்டார். ஒவ்வொருவரும் தமக்கு இளையவரிடம் அனுப்ப, இறுதியில் ஏழு வயதுச் சாமணேரர் ஒருவரே அவருக்கு ஆசானாக வாய்த்தார். அச்சிறுவர் சொன்னபடி உயர்ந்த சீவரத்தோடு குளத்தில் இறங்கவும் அந்த முதியவர் தயங்கவில்லை.

நம் வாசகசாலைகளில் இதைச் செய்து பார்க்கலாம். வாரம் ஒரு விரிவுரையை மட்டும் அனைவரும் கேட்பது. பின்பு கைப்பேசிகளை மூடிவைத்து, ஒருவர் எழுந்து தம் சொற்களில் அதைச் சொல்வது. மற்றவர் வினவுவது, தந்தையை மகள் வினவினாலும் தடையில்லை. விடை தெரியாத வினாக்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, அடுத்த வாரக் கூட்டத்தை அவற்றிலிருந்து தொடங்குவது.