பிரேக் ஒயிலும் ஒன்பது மணித்தியாலங்களும்

எங்கள் 2007 கொரோலாவின் பிரேக்கில் ஒரு குறையும் தெரியவில்லை. பெடல் உறுதியாக நின்றது. வருடாந்தச் சோதனையில் ‘பிங்க் ஸ்லிப்’பும் கிடைத்துவிட்டது. ஆனால் அதன் பிரேக் ஒயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டதென்று எனக்குத் தெரியாது. இன்னொருவரிடமிருந்து வாங்கி நான்கு வருடங்கள். நான் அதைத் தொட்டதேயில்லை. மகள் எல் பிளேட்டைக் கொளுவிக்கொண்டு அதை ஓட்டத் தொடங்கிய பிறகுதான் அந்த எண்ணம் உறுத்தியது. சிட்னி, வென்ட்வேர்த்வில்லில் உள்ள எங்கள் வீட்டுக் கராஜில், ஒரு சனிக்கிழமை காலை, நானே மாற்றுவதென்று இறங்கினேன்.

ஒயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் அல்ல. கிளைக்கோல் சார்ந்த ஒரு திரவம். காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் காருக்குரிய டொட் 3 வகை, புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்கக்கூடாது என்பது விதி. நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. திரவம் அழுத்தினால் சுருங்காது; அதனால்தான் காலின் அழுத்தம் நான்கு சில்லுகளுக்கும் போய்ச் சேர்கிறது. ஆவி சுருங்கும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறித் திரவம் கொதித்தால், பெடல் பஞ்சை மிதித்தது போல உள்ளே போய்விடும். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகவே இருப்பது போலத் தோன்றும். கடைக்கும் ரயில் நிலையத்துக்கும் மட்டும் போய்வரும் காரில் அப்படியொரு நாள் வராமலே போகவும் கூடும்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். காரை ஸ்ராண்டுகளில் நிறுத்திச் சில்லுகளைக் கழற்றினேன். மகள் ஓட்டுநர் இருக்கையில். நான் சில்லடியில், ஒரு ஸ்பானரோடும் கண்ணாடி போன்ற ரியூபோடும் போத்தலோடும். “அமத்து” என்றால் அவள் பெடலை அமத்திப் பிடிக்கவேண்டும். நான் நிப்பிளைத் திறப்பேன். பழைய ஒயில் போத்தலுக்குள் வரும். மூடிவிட்டு “விடு” என்பேன். அதற்கு முன்னர் அவள் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். அவள் என் கையைக் காணமாட்டாள். நான் அவள் காலைக் காணமாட்டேன். இடையில் இருப்பது இரண்டு சொற்கள் மட்டுமே.

பின்பக்க இடது சில்லிலிருந்து தொடங்கினோம். வந்தது பிளேன்ரீ நிறத்தில் இருந்தது. வெளிறிய மஞ்சளில் புதிய ஒயில் வரும்வரை, மேலே தொட்டி வற்றாமல் நிரப்பி நிரப்பி, திரும்பத் திரும்பச் செய்தோம். மூன்றாவது சில்லை முடித்து நான் எழும்பியபோது அவள் சொன்னாள்: “அப்பா, கடைசித் தரம் நீங்கள் ‘விடு’ எண்டு சொல்ல முதல் நான் காலை எடுத்திட்டன்.”

அவள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திராது. அந்தச் சில்லைத் திரும்பச் செய்தோம். ரியூபில் ஒரு சிறு குமிழி போனது. “நல்லகாலம் சொன்னாய் பிள்ளை. ஆரும் பாக்காத இடத்திலதான் ஒழுங்கா இருக்கவேணும்” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: “அப்ப லொக் புக்கில இருக்கிற அந்த ஒன்பது மணித்தியாலம்?”

நியூ சவுத் வேல்சில் இருபத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பி பிளேட் பரீட்சைக்குப் போகமுன் 120 மணித்தியாலம் ஓட்டிப் பழகவேண்டும். அதில் 20 இரவில். பக்கத்தில் இருந்தவர் கையெழுத்து வைக்கவேண்டும். கன்பராவிலிருந்து திரும்பிய ஓர் இரவில் நான்தான் ஓட்டினேன். அவள் நித்திரை. மூன்று மணித்தியாலம் அவள் ஓட்டியதாக எழுதிக் கையெழுத்து வைத்தேன். மற்ற ஆறும் ஒன்றரையை இரண்டாக்கிச் சேர்த்தவை. உயர்தரப் பரீட்சை வருடம், ரியூசன், நேரமில்லை. எல்லாரும் செய்கிறதுதான்.

“120 எண்டது ஆரோ போட்ட கணக்கு. நீ நல்லாத்தானே ஓடுறாய்” என்றேன். சொல்லி முடிக்கும்போதே, கொரோலாவும் இவ்வளவு காலமும் நன்றாகத்தானே ஓடியது என்று எனக்கே கேட்டது.

முதுகலை படித்த காலத்தில் பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் கைஜஸின் மோதிரக் கதையை வாசித்தேன். அணிந்தவன் பிறர் கண்ணுக்கு மறைந்துவிடுவான். அப்படியொரு மோதிரம் கிடைத்தால் எவன் நேர்மையாக இருப்பான் என்பது அங்கே எழும் கேள்வி. எங்களுடைய நிலைமை கொஞ்சம் வேறு. நாங்கள் எல்லார் கண்ணிலும் படுகிறோம். கையெழுத்தும் மரியாதையும் இருக்கின்றன. செய்த வேலைதான் மறைந்திருக்கிறது. என் தொழிலில் ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் பார்ப்பார், பிழைத்தால் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். அப்படியிருந்தும் அவசரத்தில் ‘பரிசோதித்தாயிற்று’ என்ற கட்டத்தில் பாராமல் அடையாளம் போட்டிருக்கிறேன்.

பிடிபடுவோம் என்ற பயம் இங்கே உதவாது, பிடிபடமாட்டோம். பிள்ளைப் பாசமும் போதவில்லை. ஒயிலை மாற்றவைத்த அதே பாசம்தான் பொய்க் கையெழுத்தையும் வைக்கச் செய்தது. நான் நினைத்துப் பார்க்கத் தவறியது வேறொருவரை: ரயில் நிலையத்தடி மஞ்சள் கோட்டில், கார் நிற்கும் என்று நம்பிக் காலை வைக்கிறவர். அவர் எங்கள் ஒயிலையும் சோதிக்கமுடியாது, லொக் புக்கையும் வாசிக்கமுடியாது. 205 பாகை அவருக்காகத்தான். அந்த ஒன்பது மணித்தியாலமும் அவருக்காகத்தான்.

நான்காவது சில்லை முடித்து, நிப்பிள்கள் நான்கையும் இரண்டாம் முறை இறுக்கிப் பார்த்தோம். பிறகு கைகழுவிவிட்டு அந்தப் பதிவுகளைக் கோடு கீறி வெட்டினேன். பரீட்சைத் திகதியைத் தள்ளிப்போட்டோம். அவளுக்குக் கோபம்தான், தோழியர் எல்லாரும் பி பிளேட் எடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் இருட்டிய பிறகு வொலங்கொங் பக்கம் போனோம். புல்லி பாஸ் இறக்கத்தில் கியரைக் குறைத்து, பிரேக்கை அளவாகத் தொட்டு இறக்கினாள். கீழே வந்ததும் பெடல் எப்படி என்று கேட்டேன். “உறுதியா இருக்கு” என்றாள்.

லொக் புக்கைத் திறந்து, “ஒன்றரை மணித்தியாலம்” என்றேன். பெற்றோல் அடிக்க நின்ற பத்து நிமிடத்தைக் கழித்துவிட்டு எழுதினாள்.