நிலவுக்குச் சென்ற உறையும் செல்லாத உறையும்

ஒரு பொருளின் மதிப்பு அப்பொருளுக்குள்ளேயே உறைகின்றதா, அன்றி அதனைக் காண்பவர் நெஞ்சில் உறைகின்றதா என்னும் வினா மிகப் பழையது. தத்துவ நூல் எதனையும் புரட்டாமலேயே இவ்வினாவில் அன்றாடம் உழல்வோர் ஒருசாரார் உளர். பழைய விண்வெளிப் பயணங்களின் நினைவுப் பொருள்களைத் திரட்டுவோரே அவர்கள். வீரர் உடையில் தைத்த சின்னம், பயணத் திட்டத்தின் ஒற்றைத் தாள், மஞ்சளேறிய கடிதம், அஞ்சல் உறை ஆகியவற்றுக்காகச் செல்வத்தையும் காலத்தையும் தயங்காது செலவிடுவர்.

இத்துறையில் நம் நாட்டுக்கும் ஒரு மூத்த இடம் உண்டு. கல்கத்தாவில் வாழ்ந்த ஸ்டீபன் ஸ்மித் என்பார் 1934ஆம் ஆண்டிலேயே ராக்கெட்டில் அஞ்சல் ஏற்றி அனுப்பிப் பார்த்தார். மறு ஆண்டு ஒரு சேவலும் ஒரு கோழியும் அவர் தயவால் தாமோதர் நதியை வான்வழியே கடந்தன! அவர் நினைவாக 1992இல் இந்திய அஞ்சல் துறை தலை வெளியிட்டது. அவருடைய உறைகளைப் போற்றுவதில் எவர்க்கும் அறச்சிக்கல் எழுவதில்லை. சிக்கல் நிலவுப் பயணத்தோடு வந்து சேர்ந்தது.

1969 ஜூலையில் அப்போலோ 11 புறப்படுமுன் ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்டிரின், காலின்ஸ் மூவரும் அமர்ந்து உறைகள் பலவற்றில் கையொப்பமிட்டனர். தாம் மேற்கொண்ட பயணத்திற்கு ஈடான ஆயுள் காப்பீடு அவர்கள் வருவாய்க்கு எட்டாததாயிருந்தது. திரும்பாது போயின் இவ்வுறைகளை விற்றுக் குடும்பம் பிழைக்கட்டும் என்பது அவர்தம் எண்ணம். கலம் எழுந்த நாளிலும் நிலவில் இறங்கிய நாளிலும் அஞ்சல் முத்திரை பெற்ற அவ்வுறைகள் மண்ணை விட்டு ஓர் அங்குலமும் உயரவில்லை. காப்பீட்டு உறைகள் என்றே அவற்றைத் திரட்டுவோர் குறிப்பிடுவர்.

இரண்டாண்டு கழித்து அப்போலோ 15இல் டேவிட் ஸ்காட், ஆல்ஃபிரட் வோர்டன், ஜேம்ஸ் இர்வின் ஆகியோர் சென்றனர். அப்பயணத்தில் 641 உறைகள் சென்றன. அவற்றுள் 398 உறைகள் நாசாவின் இசைவின்றிச் சென்றவை. திரும்பியதும் 100 உறைகள் ஜெர்மானிய அஞ்சல்தலை வணிகர் ஒருவரைச் சேர்ந்தன. மூவருக்கும் ஆளுக்கு ஏறத்தாழ 7,000 டாலர் என்பது ஏற்பாடு. செய்தி வெளிப்படுமுன்னரே மனம் மாறி அப்பணத்தை மறுத்துவிட்டனர் எனினும், 1972இல் கண்டனத்துக்கு ஆளாயினர். மூவரும் மீண்டும் விண்ணில் பறக்கவில்லை.

அவர்கள் கூறிய காரணம் என்ன? தம் மக்களின் எதிர்காலத்துக்கு ஒரு வைப்புநிதி. ஈண்டுதான் நாம் சற்று நிற்க வேண்டியுள்ளது. அங்கும் மக்கள், இங்கும் மக்கள். அங்கும் கையொப்பம், இங்கும் கையொப்பம். முன்னதைப் படிக்கையில் கண் கசிகின்றது. பின்னதைப் படிக்கையில் முகம் சுளிக்கின்றது. ஏன்?

பொதுப்பணத்தில் இயங்கும் கலம், அதில் தனியார் வாணிகம் கூடாது என்பர் சிலர். ஆயின் 1983இல் அமெரிக்க அஞ்சல் துறையும் நாசாவும் கூடி விண்ணோடத்தில் ஏறக்குறைய 2,60,000 உறைகளை அனுப்பி, ஒன்று 15.35 டாலருக்கு விற்றன. நேற்று எமக்குக் குற்றமாயிருந்தது இன்று உமக்கு எங்ஙனம் வருவாயாயிற்று என்று வோர்டன் வழக்காடினார். அவ்வாண்டே, நாசா வைத்திருந்த 298 உறைகளும் அவர்களிடம் திருப்பித் தரப்பட்டன. எனவே விற்பது குற்றமன்று. வானுக்கு எடுத்துச் செல்வதும் குற்றமன்று. பொருள் ஈட்டுதற்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் நாட்டவர் இதனை வியக்க வேண்டுவதில்லை. மறைவே குற்றம் என்று நான் கருதுகின்றேன். அரசு கூவி விற்றது. விரும்பினோர் எவரும் அதே விலைக்கு வாங்கினர். ஸ்காட் தம் விண்ணுடைப் பையில் வைத்துச் சென்ற கட்டோ, சிலரே அறிந்தது. கைமாறிய பொருள் காகிதமாயினும், அதனோடு நம்பிக்கையும் கைமாறிற்று. எனினும் ஒரே தவற்றுக்காக ஒரு வாழ்நாட் பணியை அளப்பது கடுமை என்பதையும் மறுக்க இயலாது.

கடிதங்களின் நிலை வேறு. விண்வெளி வீரர்க்கு மூட்டை மூட்டையாய் வந்த மடல்களுக்குக் கையொப்பமிடும் பொறியொன்று பயன்பட்டது. இரு கையொப்பங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒளியில் பிடித்தால், அணுவும் பிசகாது பொருந்துமாயின் அது பொறியின் வேலை. சற்றே கோணுமாயின் மனிதன் கை. பிழையே மெய்ம்மைக்குச் சான்றாகும் துறை இதுவன்றி வேறுண்டோ?

ஆர்ம்ஸ்ட்ராங் நெடுங்காலம் கேட்டவர்க்கெல்லாம் விலையின்றிக் கையொப்பமிட்டு வந்தார். அன்பளிப்பாய்த் தந்தவை கடைச்சரக்காவதைக் கண்டு 1994இல் அவ்வழக்கத்தை நிறுத்தினார். 2005இல் அவருடைய முடிதிருத்துபவர் வெட்டிய மயிரையே 3,000 டாலருக்கு விற்றது தெரிந்து, மயிரைத் திருப்புக, அன்றேல் அப்பணத்தை அறத்துக்கு ஈக என்று கேட்டார். கையொப்பத்தை நிறுத்தினாரே, அதனால் வாணிகம் ஓய்ந்ததா எனின், இல்லை. புதியன வாராமையால் பழைய கையொப்பங்களின் விலை ஏறிற்று.