வேலியிட்டவரின் கடன்

ஜெர்மனியின் வடமேற்கே, நெதர்லாந்து எல்லையை ஒட்டிக் கிடக்கும் எம்ஸ்லாந்து ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சதுப்பு நிலம். 1950இல் மேற்கு ஜெர்மன் அரசு அதை வயலாக்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள். நீராவி எஞ்சின்கள் இழுத்த ராட்சதக் கலப்பைகள் 2 மீட்டர் ஆழத்துக்கும் கீழே போய் மண்ணைப் புரட்டின. போரில் ஊரையும் வீட்டையும் இழந்து வந்தவர்களுக்கு நிலம் தேவைப்பட்ட காலம் அது. அந்தத் தேவையை இன்று வசதியாக உட்கார்ந்துகொண்டு பழிப்பது நியாயமாகாது. ஆனாலும் சதுப்பின் பெரும்பகுதி அழிந்துபோனது.

தப்பிப் பிழைத்த பெரிய பகுதிகளில் ஒன்று டின்னர் டோசே. அதைக் காப்பாற்றியது பீரங்கி. க்ருப் நிறுவனம் தன் பீரங்கிகளைச் சுட்டுப் பார்க்க மெப்பன் நகருக்கு அருகே 1877இல் ஒரு களம் அமைத்தது. பின்னாளில் அது ஜெர்மன் ராணுவத்தின் ஆயுதச் சோதனைக் களமாயிற்று. குண்டு விழும் இடத்தில் உழுவதற்கு யாரும் வரவில்லை. பாசி வளர்ந்தது, நீர் தேங்கியது, பறவைகள் தங்கின. பிறகு சட்டமும் அதைப் பாதுகாக்கப்பட்ட இயற்கை நிலமாக ஏற்றுக்கொண்டது.

2018ஆம் ஆண்டுக் கோடை ஐரோப்பாவைக் காய்ச்சி எடுத்தது. அந்த வறட்சியின் முடிவில், செப்டம்பர் 3ஆம் நாள், இதே களத்தில் ஹெலிகாப்டரிலிருந்து ராக்கெட்டுகளை ஏவிச் சோதித்தார்கள். சதுப்பில் தீப்பற்றியது. சதுப்பு நிலத்துக்கென்று வைத்திருந்த தீயணைப்பு ஊர்தி பழுதாகி நின்றது. இன்னொன்று ஏற்கெனவே பழுதுபார்க்கப் போயிருந்தது. தீ மண்ணுக்குள் இறங்கியது. மாவட்டம் பேரிடர் நிலையை அறிவித்தது, பக்கத்துக் கிராமங்களைக் காலி செய்ய ஆயத்தங்கள் நடந்தன. அக்டோபரில்தான் தீ அடங்கியது. ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் எரிந்தது, லட்சக்கணக்கான டன் கரியமில வாயு காற்றில் கலந்தது. பாதுகாப்பு அமைச்சராக இருந்த உர்சுலா ஃபான் டெர் லையன் நேரில் வந்து மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

நூறாண்டுக்கு மேல் ஒரு நிலத்தைப் பிறரிடமிருந்து காத்தவருக்கு, அதைச் சேதப்படுத்தவும் ஓரளவு உரிமை உண்டா என்ற கேள்வியை இந்தத் தீ எழுப்புகிறது. 'நாங்கள் இல்லாவிட்டால் இது எப்போதோ உருளைக்கிழங்கு வயலாகியிருக்கும்' என்ற வாதம் உலகின் பல பயிற்சிக் களங்களைச் சுற்றி ஒலிப்பதுதான். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை அறத்தின் கணக்கில் அதிகம் பெறாது. மெப்பனில் பீரங்கி சுட்டவர்கள் சதுப்பைக் காக்க எண்ணிச் சுடவில்லை. எண்ணாமல் விளைந்த நன்மைக்காக மகிழலாம், நன்றிகூடச் சொல்லலாம். அதை வரவு வைத்துக்கொண்டு, பின்னால் செய்யும் தீங்கை அதில் கழித்துக்கொள்ள முடியாது. அயலார் தம் நிலத்தை முழுதாக அழித்தார்கள் என்பதும் நம் கையிலிருப்பதில் கொஞ்சம் அழிக்க அனுமதி ஆகாது. சுற்றிலும் அழிந்துவிட்ட பிறகு எஞ்சியது எதுவோ அதன் மேல் கடமை கூடுகிறது. அடைக்கலமாக வந்த பொருள் கேட்காமல் வந்தாலும் அடைக்கலப் பொருள்தான்.

இங்கே அழிந்தது எத்தகைய பொருள் என்பதையும் பார்க்க வேண்டும். நீர் தேங்கிய நிலத்தில் பாசி முழுதும் மட்காமல் படிந்து படிந்து உருவாகும் பீட் எனும் கரிய மண், ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டர் பீட் என்பது ஆயிரம் ஆண்டுகள். உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள இந்தச் சதுப்புகள், எல்லாக் காடுகளின் மரங்களும் தாங்குவதைவிட அதிகக் கரிமத்தை மண்ணில் பூட்டி வைத்திருக்கின்றன. எரிந்த பீட்டை நட்டுவைத்து மீட்க வழியில்லை. புகைக்கோ வேலி தெரியாது. பல லட்சம் டன் வாயுவின் விளைவைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் மெப்பன் என்ற பெயரையே கேட்டிராதவர்கள், இன்னும் பிறவாதவர்களும் அவர்களில் உண்டு.

மறுபக்கத்து நியாயம் வலுவானது. பழகாத ஆயுதத்தோடு போர்முனைக்கு அனுப்பப்படும் வீரன் சாகிறான்; அவனை அனுப்பிய அரசும் குற்றவாளிதான். 2022இல் உக்ரைன் மீது ரஷ்யா முழுப்படையெடுப்பு நடத்திய பிறகு ஐரோப்பாவில் இதை மறுத்துப் பேசுவது கடினம். எங்காவது சுட்டுப் பார்க்கத்தான் வேண்டும். ஆயினும் தேவை என்ற சொல் எவ்வளவு தூரம் நீளும்? ஆயுதச் சோதனை தேவை. வறண்ட பீட் மேல், அந்த வாரமே, அணைக்கும் ஊர்தி ஓடாத நிலையில் நடக்கும் சோதனை தேவையல்ல. மழைக்குக் காத்திருந்தால் நாடு வீழ்ந்திருக்காது. காத்திருக்க முடிந்ததைக் காத்திருக்காமல் செய்துவிட்டு அதற்குத் தேசப் பாதுகாப்பின் பெயரைச் சூட்டுவது, உண்மையான பாதுகாப்புத் தேவையின் மதிப்பையே குறைக்கிறது.

மூடிய நிலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு: அங்கே சாட்சி இல்லை. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலம் 1951 முதல் தேசியப் பூங்கா. அதன் வடபகுதியில் ராணுவம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே சுட்டுப் பழகுகிறது. சுடும் நாளில் சிவப்புக் கொடி ஏறும். மற்ற நாள்களில் மக்கள் நடக்கலாம், குண்டு தோண்டிய குழிகளைக் காணலாம், கேள்வி கேட்கலாம். அப்படிக் கேட்டதால்தான் 1970களில் பொது விசாரணை நடந்தது. ராணுவப் பயிற்சியும் தேசியப் பூங்காவும் ஒன்றோடொன்று பொருந்தாதவை என்று சொன்ன விசாரணையாளர் ஷார்ப் சீமாட்டி, ராணுவம் வெளியேற வேண்டும் என்று சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பு பலருக்குக் கசந்தது. ஆனால் இரு நியாயங்களும் வெளிச்சத்தில் எடை போடப்பட்டன. இன்று அங்கே சிதைந்த சதுப்பை மீண்டும் ஈரமாக்குகிறார்கள். சுடுகளப் பகுதியில் அந்த வேலை தொடங்குமுன் வெடிக்காத குண்டுகளைத் தேடிச் சோதிக்க வேண்டியிருக்கிறது. பழைய பயிற்சியின் விலையைப் புதிய தலைமுறை கொடுக்கிறது.

பிறர் நுழையாதபடி வேலி போட்டவர், பிறர் உள்ளே இருந்திருந்தால் செய்திருக்கக்கூடிய காவலையும் தாமே ஏற்க வேண்டும். சுடலாமா என்ற முடிவு சுடுபவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது; சதுப்பின் ஈரத்தை அளப்பவருக்கு அதைத் தடுக்கும் அதிகாரம் வேண்டும். இலக்கை எட்டும் ராக்கெட்டுக்கு எவ்வளவு கவனமோ அவ்வளவு கவனம் அணைக்கும் ஊர்திக்கும் உரியது. அந்த ஊர்தி நகராத நாளில் சோதனையும் நடக்கக் கூடாது.